ஆயிரத்துக்குப் பயந்து ஒரு ஏக்கரை விடலாமா?



"கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு அம்மிணி. உம்பேருல பட்டா ஏறுச்சுன்னா மாசாமாசம் வர்ற ஆயிரம் நின்னுரும். அக்காளுக்கு விதவை பென்ஷனும் போயிரும். அப்புறம் என்னையக் குறை சொல்லக் கூடாது."

2024 மாசியில் எங்கப்பா தவறினார். கருமாதி முடிந்த மூன்றாம் நாள், வந்த சொந்தமெல்லாம் கிளம்பிப் போன பிறகு, திண்ணையில் வைத்து என் அண்ணன் சொன்ன வார்த்தைகள் இவை. அண்ணன் கெட்டவர் இல்லை. ஆடிக்கும் பொங்கலுக்கும் சீர் தவறாமல் கொண்டு வருபவர். ஆனால் கையில் ஒரு வெள்ளைத்தாள் தயாராக இருந்தது. விடுதலைப் பத்திரத்துக்கு எங்கள் ஆதார் நம்பர் எழுதிக் கொடுக்கத்தான் அந்தத் தாள்.

நான் பிறந்தது நாமகிரிப்பேட்டை பக்கம், வாக்கப்பட்டது ராசிபுரம் பக்கம். எங்கப்பாவுக்கு மூன்று ஏக்கர் மேட்டாங்காடு. ஒன்றரை ஏக்கர் அப்பாரு விட்டுப் போனது. மீதி ஒன்றரை, அப்பா குச்சிக்கிழங்கு போட்டு, மிச்சம் பிடித்து வாங்கியது. அம்மா முன்னமே போய்விட்டார். வாரிசு என்று பார்த்தால் அக்கா, அண்ணன், நான். அக்கா இருபது வருஷமாய் விதவை, மகன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கட்டில்தான் அவளுக்கு இடம். நான் மகளிர் உரிமைத்தொகை வாங்குகிறவள்.

அண்ணன் சொன்னதைக் கேட்டதும் அக்கா பேனாவைத் தேடினாள். "பென்ஷன் நின்னா எம்பட மருந்து மாத்திரைக்கு யாரு தர்றது?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மாசம் வரும் காசு கண்ணுக்குத் தெரிகிறது. காடு என்பது அவள் கையில் ஒருநாளும் இருந்ததே இல்லையே! "பத்து நாள் பொறுங்கண்ணா, கேட்டுட்டு வர்றேன்" என்று நான்தான் தடுத்தேன்.

அந்தப் பத்து நாளில் வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ், கோர்ட் வளாகத்தில் இருக்கிற இலவச சட்ட உதவி மையம் என்று அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் இதே பயம் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் இருக்கிறது. விசாரிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது கையைப் பிசைகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் நமக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி. அப்பா சுயமாய்ச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் அவர் இறந்தால், 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பாட்டன் வழிச் சொத்தில்தான் நம்மை ஒதுக்கி வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ல் அந்தக் கதவு திறந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அக்கா கல்யாணம் 1988-ல்! ஒரு வருஷத்தில் தப்பிப் போயிற்று என்று அவளும் விட்டுவிட்டாள். பிறகு 2005 செப்டம்பர் 9-ல் மத்திய சட்டமே திருத்தப்பட்டு, கல்யாணமானவள் ஆகாதவள் என்ற பேதம் போனது. 2020 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட், மகளுக்கு இந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடிந்தவற்றை மட்டும் தொட முடியாது. எங்கள் காட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆக, ஆளுக்கு ஒரு ஏக்கர்.

அடுத்தது, அண்ணன் சொன்ன ஆயிரம். மகளிர் உரிமைத்தொகைக்கு 2023 ஜூலை 24-ல் தர்மபுரி மாவட்டம் தொப்பூரில்தான் பதிவு முகாமைத் தொடங்கினார்கள். செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கி, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்குப் போனது. அந்த விதியில் நிலத்தைப் பற்றி என்ன எழுதியிருந்தது தெரியுமா? குடும்பத்துக்கு நன்செய் என்றால் 5 ஏக்கருக்குக் குறைவாக, புன்செய் என்றால் 10 ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள். கார், டிராக்டர் இருக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. எனக்கு வரப்போவது ஒரு ஏக்கர் புன்செய். பத்து எங்கே, ஒன்று எங்கே? "உங்க ஆயிரத்துக்கும் இந்தப் பட்டாவுக்கும் சம்பந்தமே இல்லைங்கக்கா" என்று வி.ஏ.ஓ. பெண் சிரித்தாள்.

ரேஷன் கார்டு பயமும் அப்படித்தான். 2017-ல் முன்னுரிமைக் குடும்பங்களுக்கான விதிகள் அரசிதழில் வந்தபோது, 5 ஏக்கர், ஏ.சி., கார் என்றெல்லாம் படித்துவிட்டு ஊரே பதறியது. கடைசியில், எல்லோருக்கும் ரேஷன் தொடரும் என்று அரசே சொல்லிவிட்டது. ஒரு ஏக்கர் வந்ததற்காக அரிசியை நிறுத்தியதை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. சொத்து வந்தால் உதவி போகும் என்று மட்டும்தான் நமக்குச் சொல்கிறார்கள். சொத்து வந்தால் கிடைக்கிற உதவியைச் சொல்ல ஆளில்லை! 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருஷம் 6000 ரூபாய், மூன்று தவணையாய். அதில் 2019 பிப்ரவரி 1-ந்தேதி யார் பேரில் நிலம் இருந்ததோ அவர்களுக்குத்தான் என்று கட்டுப்பாடு. பிறகு வாங்கியவர்களுக்கு ஐந்து வருஷத்துக்குக் கிடையாது. ஆனால் நிலத்துக்காரர் இறந்து, வாரிசாக நிலம் வந்தால் மட்டும் விலக்கு உண்டு. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு குடும்பம் என்று கணக்கு. ஆகவே வீட்டுக்காரர் ஏற்கெனவே வாங்கினால் நமக்குத் தனியாய் வராது. என் வீட்டில் யாரும் வாங்கவில்லை, அதனால் மனு போட வழி இருந்தது. (அப்பா பேரில் வந்துகொண்டிருந்த பணத்தை, அவர் இறந்ததைச் சொல்லி நிறுத்திவிட வேண்டும். சும்மா இருந்து எடுத்துக்கொண்டால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.)

இனிமேல்தான் சிக்கல். அக்காவின் பென்ஷன். அண்ணன் சொன்னதில் இது மட்டும் உண்மை!

ஆதரவற்ற விதவை ஓய்வூதியம், 2023 ஆகஸ்டிலிருந்து ஆயிரம் என்பது 1200 ஆனது. இதை வாங்குகிறவர்களுக்குச் சொத்து மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. முன்பு ஐம்பதாயிரம் என்று இருந்ததைத்தான் ஒரு லட்சம் ஆக்கினார்கள். இன்றைக்கு எங்கள் பக்கம் ஒரு லட்சத்துக்கு எத்தனை சென்ட் கிடைக்கும், சொல்லுங்கள்? தார் ரோடு ஓரம் என்றால் ஒரு மாட்டுக் கொட்டகை போடக்கூட இடம் வராது. ஆக, அக்கா பேரில் ஒரு ஏக்கர் ஏறினால் அவள் ஆதரவற்றவள் இல்லை.

ஆனால் அந்த ஒரு ஏக்கர் அவளுக்கு என்ன தரும்? கிணற்றில் மாசிக்கு மேல் தண்ணீர் இல்லை. குத்தகைக்கு விட்டால் வருஷம் எட்டாயிரம் வந்தால் பெரிய விஷயம். பென்ஷனோ வருஷத்துக்கு 14,400. சொத்து வந்ததால் அவள் ஏழையானாள் என்றுதான் கணக்கு சொல்கிறது!

இதில் இன்னொரு கூத்தையும் கேளுங்கள். ஒரு திட்டம் நிலத்தை ஏக்கரில் அளக்கிறது. இன்னொரு திட்டம் ரூபாயில் அளக்கிறது. ஒன்பது ஏக்கர் புன்செய் வைத்திருக்கிற குடும்பத்துப் பெண்ணுக்கு உரிமைத்தொகை உண்டு. ஒரு ஏக்கர் வைத்திருக்கிற விதவைக்கு ஓய்வூதியம் இல்லை. இரண்டும் ஒரே கஜானாவிலிருந்து போகிற பணம். அளவுகோல் மட்டும் வேறே வேறே!

வெளிநாட்டிலும் இந்தப் பிரச்னை உண்டாம். பிரிட்டனில் வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அரசு தருகிற உதவித்தொகையில், கையில் 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் உதவி நின்றுவிடும். 6,000-க்கு மேல் போனாலே குறைப்பார்கள். வாரிசாக வந்த பணமும் அதில் சேர்த்தி. அதைத் தப்பிக்க, வந்த பணத்தை வேண்டுமென்றே இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தால், அது உங்களிடம் இருப்பதாகவே வைத்துக் கணக்குப் போடுவார்கள். உதவியைக் காப்பாற்றச் சொத்தைக் கொடுப்பது அங்கே பலிக்காது. இங்கேயோ, அக்கா தங்கச்சி எழுதிக் கொடுத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "நல்ல பொண்ணு, பொறந்த வீட்டை விட்டுக் குடுக்காதவ" என்று பேர்தான் கிடைக்கும்.

அங்கே குடியிருக்கிற வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஒரு தொகைக்கு மேல் போனால் கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் குறைக்கிறார்கள். நம் பென்ஷன் விதியில் அந்தப் படிக்கட்டு இல்லை. ஒரு லட்சம் வரை முழுசாய் உண்டு, தாண்டினால் முழுசாய்ப் போச்சு.

பத்தாம் நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "உன்னோடது நிஜமாவே போயிருங்க்கா. யோசிச்சுச் சொல்லு" என்றேன். இராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. காலையில் அடுப்படியில் வந்து உட்கார்ந்து சொன்னாள்:

"பென்ஷன் வாங்கறவரைக்கும் நானு பாவப்பட்டவ. மாசாமாசம் அது ஏறுச்சான்னு மருமவ கேப்பா. காடு எம்பேருல இருந்தா எம்பையன் என்னையத் தாழ்வாரத்துல படுக்கச் சொல்ல மாட்டான். அண்ணன்கிட்டச் சொல்லு, நானு கையெழுத்துப் போடல."

அண்ணன் முகம் சுருங்கியது. இரண்டு மாதம் பேச்சில்லை. அந்த வருஷம் ஆடிக்குச் சீர் வரவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை, மனசு வலிக்கத்தான் செய்தது. பிறகு நங்கைதான் இறங்கி வந்தார்கள். "எனக்கும் பொறந்த வீட்டுல பங்கு இருக்குதுங்கறத நீ படிச்சதுல இருந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்கள்! பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி, மூன்று தனிப் பட்டா வந்தது. காட்டை அண்ணனே உழுகிறார், எங்கள் இருவருக்கும் குத்தகை தருகிறார்.

அக்காவுக்குச் சில மாதத்தில் பென்ஷன் நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் கைக்காசில்தான் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். 2025 ஜூலையில் தொடங்கிய முகாம்களில் உரிமைத்தொகைக்குப் புதிதாய் மனு வாங்கினார்கள். அக்கா கொடுத்தாள். டிசம்பரில் புதியவர்களுக்குப் பணம் போட்டபோது அவளுக்கும் ஏறியது. 1200 போய் ஆயிரம் வந்தது. நடுவில் போன மாதங்களுக்கு யார் பதில் சொல்வது?

அதனால் அரசுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆதரவற்ற பெண்ணின் சொத்துக்கு விலை போட்டுப் பார்க்காதீர்கள். அதிலிருந்து அவள் கைக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். விற்காத காட்டின் விலையை வைத்து யாரும் உலை வைக்க முடியாது. அப்படியே நிறுத்துவதானாலும், தகுதியுள்ள அடுத்த திட்டத்தில் சேர்த்துவிட்டு நிறுத்துங்கள்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று. எந்தத் திட்டத்தில் வாங்குகிறோம், அதன் விதி என்ன என்று கேட்காமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விதிகள் அரசாணைக்கு அரசாணை மாறும், ஆகவே கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு என்ன விதி என்று தாலுகா ஆபீஸில் கேளுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச ஆலோசனை உண்டு. தெரிந்து, மனசார விட்டுக் கொடுத்தால் அது உங்கள் பெருந்தன்மை. ஆயிரம் போய்விடும் என்ற பயத்தில் கொடுத்தால் அது ஏமாந்தது.

உதவித்தொகையை அரசு கூட்டும், குறைக்கும், நிறுத்தவும் செய்யும். பட்டாவில் ஏறிய பேரை அவ்வளவு சுலபமாக யாரும் எடுக்க முடியாது. போன பொங்கலுக்கு அண்ணன் சீர்த்தட்டோடு வந்தார். அக்கா இப்போது வீட்டுக்குள் படுக்கிறாள்.

- ஒரு வாசகி, ராசிபுரம்.