காலம் கடத்தியது யார்?

1948 டிசம்பர் 12. சிலாங்கூர், பத்தாங் காலியில் ஒரு ரப்பர் தோட்டம். நிராயுதபாணிகளான 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடினார்கள், அதனால் சுட்டோம் என்றது அன்றைய அரசாங்கம். பிறையில் நம்மில் பலருடைய தாத்தா பாட்டியும் பால்மரம் சீவியவர்கள்தானே. இதைச் சீனர் விவகாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

குடும்பத்தார் பொது விசாரணை கேட்டார்கள். 2010இல் லண்டன் மறுத்தது. 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பு செல்லும் என்றது. ஐந்து நீதிபதிகளில் லேடி ஹேல் மட்டும் உடன்படவில்லை. காலம் கடந்துவிட்டது, சாட்சிகள் பலர் இறந்துவிட்டனர், இனி என்ன தெரியவரும் என்பதே வாதம்.

காலத்தைக் கடத்தியது யார்? அந்தப் படையினர் சிலரே, ஓடாதவர்களைத்தான் சுட்டோம் என்று பத்திரிகையிடம் கொடுத்த சத்தியப் பிரமாணம் 1970இல் வெளியானது. ஸ்காட்லாந்து யார்டு விசாரணையும் தொடங்கியது. ஜூனில் ஆட்சி மாறியது, விசாரணை கைவிடப்பட்டது. சுட்டவர்களும் விதவைகளும் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள்.

லண்டனை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? 2001 கம்போங் மேடான் வன்முறையில் 6 பேர் மாண்டார்கள். அதற்கும் விசாரணை ஆணையம் கேட்டார்கள், அமையவில்லை. அங்கே வெட்டுப்பட்டுப் பிழைத்தவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள்.