கடலுக்குள் இருக்கும் உஷ்ணம்

மழையின் குறி வானத்தில் மட்டுமே உண்டென்று நம்மவரில் பலர் இன்னும் எண்ணுகிறார்கள். பாதிக் குறி கடலுக்குள் இருக்கிறது. பஸிபிக் சமுத்திரத்தில், பூமத்திய ரேகையையொட்டி, கீழ்த்திசைக் காற்றானது உஷ்ண ஜலத்தை மேற்கே ஒதுக்கி வைக்கிறது. காற்றுத் தளர்ந்தால், அந்த உஷ்ணம் ஆழத்தில் அலையாகப் புறப்பட்டு, இரண்டு மூன்று மாதங்களில் தென்னமெரிக்கக் கரையை எட்டுகிறது. எல் நினோ வெளியே தெரியுமுன் உள்ளே தெரிந்துவிடுகிறது.

1982ல் உள்ளே அன்றாடம் பார்ப்பாரில்லை. அவ்வருஷத்து எல் நினோ வலுத்த பின்னரே பண்டிதர்கள் விழித்தனர். அந்த வெட்கத்தின் பயனாக, 1994க்குள் சுமார் 70 மிதவைகள் நங்கூரமிடப்பட்டு, 500 மீட்டர் ஆழம்வரை உஷ்ணத்தை அளந்து தெரிவித்தன. 1997ல் வந்த பெரிய எல் நினோ கண்ணெதிரே வளர்ந்தது. பிறகு? மிதவைகளைப் பராமரித்த அமெரிக்கக் கப்பல் 2012ல் விலக்கப்பட்டது. 2014 தொடக்கத்தில் பாதித் தகவல்கூடக் கிடைக்கவில்லை. சிக்கனமாம்!

இது அயலார் வழக்கன்று. தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோரை மாய்த்துக்கொண்டிருந்த 1877ல், பஸிபிக்கில் பெரியதோர் எல் நினோ நிகழ்ந்தது. (பட்டினிக்கிடையே தானியத்தை ஏற்றுமதி செய்யவிட்ட துரைத்தனத்தின் குற்றம் வேறு.) ஆனால் 1997ல் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பொய்க்கவில்லை, அதனினும் சிறிய எல் நினோ வந்த 2002ல் பொய்த்தது. ஆகவே பஸிபிக்கை மட்டும் பார்த்திருந்தால் போதாது. இந்து மகாசமுத்திரத்திலும் 2004 முதல் பல தேசங்கள் கூடி மிதவைகளை நிறுத்தி வருகின்றன. மீன்பிடிக் கப்பல்களால் அவற்றுட் பல சேதமாகின்றன. நம் பங்குக்குரிய பராமரிப்புச் செலவை பட்ஜெட்டில் தனித் தலைப்பாக ஒதுக்கி, எத்தனை மிதவைகள் வேலை செய்கின்றனவென்று வருஷந்தோறும் பார்லிமெண்டில் கணக்குச் சொல்லவேண்டும்.