முயலை இழந்து எலியைப் பெற்ற டிஸ்னி: ஒரு படைப்பு யாருக்குச் சொந்தம்?

2006 பிப்ரவரியில் அமெரிக்க டிவி உலகில் ஒரு விநோதமான பண்டமாற்று நடந்தது. டிஸ்னி குழுமத்தில் இருந்த பிரபல விளையாட்டு வர்ணனையாளர் ஆல் மைக்கேல்ஸ், போட்டி நிறுவனமான என்பிசிக்குப் போக விரும்பினார். ஒப்பந்தத்திலிருந்து அவரை விடுவிக்க டிஸ்னி பதிலுக்குக் கேட்டவற்றில் ஒன்று, ஒரு கார்ட்டூன் முயல்.

அந்த முயலின் பெயர் ஆஸ்வால்டு. வயது கிட்டத்தட்ட 80. அன்றைய குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அதை யார் என்றே தெரியாது. பிறகு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? அந்த முயல் கையை விட்டுப் போனதால்தான் இன்று நாம் அறிந்த டிஸ்னியே உருவானது.

டிஸ்னியின் மைல்கற்கள் என்று தேடினால் மிக்கி மவுஸ், ஸ்னோ ஒயிட், டிஸ்னிலேண்ட், பிக்ஸார் என்று ஒரு பட்டியல் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால், அந்த நூறாண்டுக் கதையை முன்னே தள்ளிக்கொண்டே வந்த கேள்வி வேறு: ஒருவர் உருவாக்கியது யாருக்குச் சொந்தம்? லேப்டாப்பில் டிசைன், கோடு, கன்டென்ட் என்று எதையாவது தினமும் உருவாக்கி நிறுவனத்திடம் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இது சொந்தக் கேள்வியும்கூட.

1928: நியூயார்க்கில் கிடைத்த அடி

வால்ட் டிஸ்னியும் அண்ணன் ராயும் 1923 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் சின்னதாக ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோ தொடங்கினார்கள். 1927-ல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக, சார்லஸ் மின்ட்ஸ் என்பவர் வழியாக ஆஸ்வால்டு முயல் படங்களைத் தயாரித்தார்கள். படங்கள் நன்றாக ஓடின.

அந்தத் தெம்பில், ஒரு படத்துக்குக் கொடுக்கும் தொகையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம் என்று 1928-ல் வால்ட் நியூயார்க் போனார். மின்ட்ஸோ, கூட்ட முடியாது, குறைக்கப்போகிறேன் என்றார். அதற்குள் வால்டின் அனிமேட்டர்களில் பெரும்பாலானவர்களைத் தன் பக்கம் இழுத்தும் விட்டிருந்தார். சரி, முயலை எடுத்துக்கொண்டு வேறு இடம் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒப்பந்தப்படி ஆஸ்வால்டு யுனிவர்சலின் சொத்து.

அடுத்த சில மாதங்களில் மிக்கி மவுஸ் பிறந்தது. 1928 நவம்பர் 18 அன்று ‘ஸ்டீம்போட் வில்லி’ நியூயார்க்கில் திரையிடப்பட்டது. இந்த முறை உரிமையை வால்ட் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1933-ல் மிக்கி படம் போட்ட கைக்கடிகாரம் சந்தைக்கு வந்தபோது, கதாபாத்திரத்தைச் சொந்தமாக வைத்திருப்பதன் மதிப்பு கண்கூடாகத் தெரிந்தது. படம் ஒரு முறை ஓடும், கதாபாத்திரம் காலம் முழுக்கச் சம்பாதிக்கும்.

எலியை வரைந்தவர் யார்?

மிக்கியின் உருவத்தை வடிவமைத்து, ஆரம்பப் படங்களின் பெரும்பகுதியை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். மின்ட்ஸ் ஆள் இழுத்தபோது போகாமல் வால்டுடன் நின்ற நண்பர். 1930-ல் அவர் விலகியபோது, நிறுவனத்தில் தனக்கிருந்த 20 சதவீதப் பங்கை 2,920 டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து ஆண்டு கழித்து அதே டிஸ்னிக்கு ஊழியராகத் திரும்பி வந்தார்.

இதில் வால்டை வில்லனாக்க வேண்டியதில்லை. அன்று அந்தப் பங்கின் எதிர்கால மதிப்பு இருவருக்குமே தெரியாது. ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ‘உருவாக்கியவனிடம் உரிமை இல்லை என்றால் என்ன ஆகும்’ என்ற பாடத்தை 1928-ல் வால்ட் கற்றார். அந்தப் பாடத்தைத் தன் நிறுவனத்துக்காகப் பயன்படுத்தினார், தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்காக அல்ல.

1941: மைல்கல் பட்டியல் தாண்டிப் போகும் ஆண்டு

1937 டிசம்பரில் வெளியான ‘ஸ்னோ ஒயிட்’ பெரிய சூதாட்டம். சுமார் 15 லட்சம் டாலர் செலவு. திரைத்துறையில் பலர் அதை ‘டிஸ்னியின் முட்டாள்தனம்’ என்றே கிண்டலடித்தார்கள். படம் உலகம் முழுக்க ஓடியது. நூற்றுக்கணக்கான ஓவியர்களின் உழைப்பு அது.

நான்கே ஆண்டுகளில் அந்த ஓவியர்களில் பலர் ஸ்டுடியோ வாசலில் பதாகையோடு நின்றார்கள். ஒரே மாதிரி வேலைக்கு ஆளுக்கொரு சம்பளம், திரையில் பெயர் வராதது, சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லாதது என்று குறைகள் சேர்ந்துகொண்டே போயின. கூஃபி கதாபாத்திரத்துக்கு உயிர் கொடுத்த ஆர்ட் பேபிட் சங்கத்தின் பக்கம் நின்றதால் நீக்கப்பட்டார். 1941 மே 29 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. கடைசியில் அரசு மத்தியஸ்தத்தில் சங்கம் அங்கீகரிக்கப்பட்டது.

வால்ட் இதை மறக்கவே இல்லை. 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு, வேலைநிறுத்தத்தின் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகச் சாட்சி சொன்னார். திரையில் தங்கள் பெயர் வர வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் இது.

உரிமைக் காலம் நீண்டுகொண்டே போன கதை

டிஸ்னியின் ஆரம்பகால வெற்றிகள் பல, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்திலிருந்து வந்தவை. ‘ஸ்னோ ஒயிட்’ கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியக் கதை. ‘சிண்ட்ரெல்லா’ பழைய ஐரோப்பியக் கதை. பின்னாளில் 1989-ல் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய ‘லிட்டில் மெர்மெய்ட்’, டென்மார்க்கின் ஆண்டர்சன் எழுதியது. யாருக்கும் காப்புரிமைத் தொகை தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தன் மிக்கி பொதுச்சொத்தாகும் நாள் நெருங்கும்போதெல்லாம் என்ன நடந்தது?

- மிக்கி பிறந்தபோது இருந்த அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை அதிகபட்சம் 56 ஆண்டு. அதன்படி 1984-ல் முடிந்திருக்க வேண்டும்.
- 1976-ல் சட்டம் மாறியது. 75 ஆண்டு. புதிய கெடு 2003.
- 1998-ல் மீண்டும் மாறியது. 95 ஆண்டு. கெடு 2023-க்குப் போனது.

1998 சட்டத்துக்காக டிஸ்னியும் மற்ற நிறுவனங்களும் அரசியல்வாதிகளிடம் முனைப்பாகப் பேசின. விமர்சகர்கள் அதற்கு ‘மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் 2024 ஜனவரி 1 அன்று ‘ஸ்டீம்போட் வில்லி’ பொதுச்சொத்தானது. அதுவும் 1928-ன் கறுப்பு வெள்ளை மிக்கி மட்டும்தான். பின்னாளைய மிக்கி வடிவங்கள் பலவற்றின் காப்புரிமையும், மிக்கி என்ற வணிகச் சின்னமும் இன்றும் டிஸ்னியிடமே.

பாட்டி சொன்ன கதையை எடுத்துப் படமாக்குவதில் தவறே இல்லை. ஆனால், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தவர், தன் வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் நூறு வருஷம் பூட்டுப் போடுவது என்ன நியாயம்?

உருவாக்குவதிலிருந்து வாங்குவதற்கு

1955-ல் டிஸ்னிலேண்ட், 1966-ல் வால்டின் மரணம், 1984-ல் நிறுவனத்தை வளைத்துப்போட நடந்த முயற்சி, பிறகு மைக்கேல் ஐஸ்னர் தலைமையில் மீட்சி என்று கதை வேகமாக நகர்ந்தது. 2006-க்குப் பிறகு ஆட்டத்தின் போக்கே மாறியது. அந்த ஆண்டு பிக்ஸார் 740 கோடி டாலருக்கு, 2009-ல் மார்வெல் 400 கோடிக்கு, 2012-ல் லூகாஸ்ஃபிலிம் 405 கோடிக்கு, 2019-ல் ஃபாக்ஸின் பெரும்பகுதி 7,130 கோடிக்கு. விலை கொடுத்தது ஸ்டுடியோ கட்டடங்களுக்கு அல்ல; கதாபாத்திரங்களின் உரிமைக்கு.

ஃபாக்ஸோடு சேர்ந்து ஸ்டார் இந்தியாவும் வந்தது. நம்ம வீட்டு விஜய் டிவி டிஸ்னி குடும்பத்துக்குள் போனது அப்படித்தான். 2024 நவம்பரில் அது ரிலையன்ஸுடனான கூட்டு நிறுவனமான ஜியோஸ்டாருக்குள் சேர்ந்தது. அதில் டிஸ்னியின் பங்கு சுமார் 37 சதவீதம்.

வாங்கிய சொத்துகளோடு பழைய வழக்குகளும் வந்தன. ஹல்க், எக்ஸ்-மென் போன்றவற்றை ஸ்டான் லீயுடன் உருவாக்கிய ஜாக் கர்பியின் குடும்பம் உரிமை கேட்டது. நிறுவனத்துக்காகச் செய்த வேலை நிறுவனத்துக்கே சொந்தம் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. வழக்கு உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டியபோது, 2014-ல் சமரசமாக முடிந்தது.

இன்னொரு பக்கம் பாடகி பெக்கி லீ. 1955-ல் வந்த ‘லேடி அண்ட் தி டிராம்ப்’ படத்தில் பாடி, குரலும் கொடுத்தவர். படம் வீடியோ கேசட்டாக விற்றபோது தனக்கும் பங்கு வேண்டும் என்று வழக்குப் போட்டார். பதிவுகளைப் பொதுமக்களுக்கு விற்க அவர் சம்மதம் வேண்டும் என்று பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. 1991-ல் அவருக்கு 23 லட்சம் டாலர் கிடைத்தது. ஒரே ஒரு வரி!

டிஸ்னி பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. ஸ்னோ ஒயிட்டில் தோற்றிருந்தால் கடன் வால்டின் தலையில்தான் விழுந்திருக்கும், ஓவியர்களின் தலையில் இல்லை. ரிஸ்க் எடுப்பவருக்கு உரிமை இல்லை என்றால் இவ்வளவு பெரிய படங்களுக்கு யாரும் பணம் போடமாட்டார்கள். உரிமை நிறுவனத்திடம் இருக்கட்டும், அதில் பிரச்சினை இல்லை. உரிமை முழுசாகக் கைமாறும்போது, பெயரும் லாபத்தில் பங்கும்கூட உருவாக்கியவரை விட்டுப் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் சேர்ந்து மிட்ஜர்னி என்ற ஏஐ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. எங்கள் கதாபாத்திரங்களை அனுமதியின்றி, காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பது புகார். நியாயமான புகார்தான். அதே நியாயம் டிஸ்னிக்குப் படம் வரைபவர்களுக்கும் பொருந்த வேண்டாமா? 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏஐ விஷயத்தில் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். அப்போது மேசையின் எதிர்ப்பக்கம் இருந்த ஸ்டுடியோக்களில் டிஸ்னியும் ஒன்று.

இந்தியச் சட்டம் காட்டும் ஒரு வழி

இந்தியக் காப்புரிமைச் சட்டம் பிரிவு 17-ன்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்குவதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கங்களில் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடும் ஷரத்தும் பெரும்பாலும் இதையேதான் சொல்லும்.

ஆனால் 2012 திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. சினிமாப் பாடலின் உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்தாலும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாடல் சம்பாதிப்பதில் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டி உரிமையைப் பறிக்க முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. முதலீடு போட்டவரும் வாழ்கிறார், பாட்டு எழுதியவரும் வாழ்கிறார். கதாபாத்திரத்தை வரைபவருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு ஏன் கூடாது? அனிமேஷன், கேமிங் துறைகளை வளர்க்க வேண்டும் என்று பேசும் அரசுகள் தொடங்க வேண்டிய இடம் இது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுதான். கையெழுத்துப் போடும் முன் அந்த ஷரத்தைப் படியுங்கள், கேளுங்கள், முடிந்தால் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 1928-ல் வால்டிடமும் 1930-ல் ஐவர்க்ஸிடமும் இல்லாத அந்த ஒரு வரி, பெக்கி லீயிடம் இருந்தது.

ஆஸ்வால்டு என்ன ஆனது? 78 ஆண்டு கழித்து டிஸ்னி வீடு திரும்பிய அந்த முயலின் முதல் படங்கள், 2023 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாகிவிட்டன. இப்போது அந்த 1927 முயலை யார் வேண்டுமானாலும் வரையலாம்.