யாருக்காகத் தைக்கிறோம்?



போரில் கணவரை இழந்து வன்னியிலிருந்து இரத்தினபுரித் தோட்டமொன்றுக்குத் திரும்பிய அக்கா ஒருவர், கடன்பட்டுத் தைத்த சட்டைகளை விற்க முடியாமல் அழுதார். "எல்லாருக்கும் பொதுவாத்தான் தச்சேன், தங்கச்சி" என்றார்.

நமது சப்ரகமுவத் தேயிலையைப் பாருங்கள். தாழ்நிலத்தில் விளையும் இந்தக் கடுஞ்சாயத்தை மத்திய கிழக்கு நாட்டவர் விரும்பி வாங்குகின்றனர். மென்சுவை தேடுவோர் நுவரெலியாத் தேயிலையை நாடுகின்றனர். எல்லாருக்கும் ஒரே தேயிலை இல்லை.

நாங்கள் மூன்று கேள்விகளை எழுதினோம். யாருக்குத் தேவை? அவர்களிடம் எப்போது காசு இருக்கும்? நடந்துபோய் யாரைச் சந்திக்கலாம்? பதில், லயத்துத் தாய்மார். அரசு தரும் சீருடைத் துணியை அவர்கள் தைப்பிக்க வேண்டும். சம்பள நாளில் கூலி தருவார்கள்.

இப்போது அக்கா சீருடைதான் தைக்கிறார். கடனில் பாதி தீர்ந்துவிட்டது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு துணியை வெட்டுங்கள்.