பானையும் உறியும்

எகிப்து என்றதும் நம்மில் சிலருக்கு மீசை துடிக்கிறது. பிரமிடைக் கட்டியவன் தமிழன், நைல் நதிக்குப் பெயர் சூட்டியவன் தமிழன் என்று விடுதி உணவுக்கூடத்தில் முழங்குகிறோம். சான்று எங்கே என்று வடநாட்டு நண்பர் கேட்டால் குரல் உயர்கிறதே தவிர விடை வருவதில்லை. ஏன் இந்த இரவல் பெருமை, தோழர்களே? எகிப்து மண்ணில் நமக்கென்றே உண்மைச் சான்று உண்டு. சிறியதுதான், ஆனால் எவராலும் அசைக்க முடியாதது.

செங்கடற் கரையில் குசேர் அல் காதிம் என்றோர் இடம். பழங்காலத்து மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம் அதுவே. அங்கு அகழ்ந்தெடுத்த சேமிப்புச் சாடி ஒன்றின் ஓட்டில் 'பானை ஒறி' என்று இரு புறமும் கீறியிருக்கிறது. எழுத்து தமிழ்ப் பிராமி. காலம் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன். உறியில் தொங்கும் பானை என்று 2007-இல் விளக்கம் தந்தார் ஐராவதம் மகாதேவன். நம் பாட்டிமார் பூனைக்கு எட்டாமல் மோர்ப்பானையைத் தொங்கவிட்ட அதே உறி! அரசன் பெயர் இல்லை, போர் இல்லை, புகழ்மாலை இல்லை. சரக்கு கொண்டுபோன எவனோ தன் சாடிக்கு அடையாளம் எழுதினான், அவ்வளவே. அந்தச் சாதாரண மனிதனுக்கு எழுதத் தெரிந்திருந்தது என்பதல்லவா பெருமை? இன்னொன்றையும் கவனியுங்கள். அவ்விரு சொற்களில் 'ன'வும் 'ற'வும் நிற்கின்றன. வடபுலத்துப் பிராமியில் இவற்றுக்கு எழுத்தே கிடையாது. இது தமிழ்தானா என்று வழக்காட வழியில்லை.

அதே கரையில் தெற்கே பெரெனிகே. அங்கே கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. இச்சரக்கெல்லாம் ஒட்டக முதுகில் பாலை கடந்து நைற்கரைக் கொப்தோசை அடைந்து, அங்கிருந்து படகேறிக் கழிமுகத்து அலெக்சாந்திரியாவுக்குப் போயிற்று. முசிறி வணிகத்தைப் பற்றி வியன்னாவில் உள்ள கிரேக்கப் பாப்பிரஸ் ஏடு இவ்வழியைச் சொல்கிறது. வரி நான்கில் ஒரு பங்கு! சுங்கக்காரன் அன்றும் சுங்கக்காரன்தான்.

அந்தக் கழிமுகத்திலேதான் 1799-இல் ரொசெட்டாக் கல் கிடைத்தது. ஒரே செய்தி மூன்று எழுத்துகளில். அதைத் துணைக்கொண்டு 1822-இல் சாம்போலியன் எகிப்தியச் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தார். பதினைந்து ஆண்டு கழித்து, 1837-இல், நம் பிராமியைப் படித்தவர் பிரின்செப். அவருக்கு இருமொழிக் கல்லின் துணை இல்லை. சாஞ்சிக் கல்வெட்டுகளின் முடிவில் திரும்பத் திரும்ப வந்த சொல் 'தானம்'தான் என ஊகித்து உள்ளே நுழைந்தார். அவர் படித்து வெளியிட்டவற்றுள் தில்லித் தூணின் எழுத்தும் ஒன்று. அத்தூண் இன்றும் பெரோஸ்ஷா கோட்லாவில் நிற்கிறது. மற்றொரு அசோகத் தூண் வடக்கு வளாகத்துக்கு அருகில், ரிட்ஜ் மேட்டில், இந்து ராவ் மருத்துவமனைப் பக்கம் நிற்கிறது. ஐந்து துண்டாய் உடைந்து கிடந்து 1867-இல் மீண்டும் நிறுத்தப்பெற்றது. நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? இதே யமுனையின் மேற்புறத்தில், கால்சிப் பாறையில், அசோகன் எகிப்து மன்னன் தாலமியையும் சோழ பாண்டியரையும் ஒரே கட்டளையில் குறித்திருக்கிறான்.

நம் மலைக்குகை எழுத்துகளையே வேற்றுமொழி என்று அறிஞர் பலர் எண்ணிய காலம் உண்டு. 1924-இல் கே.வி.சுப்பிரமணிய அய்யர் பொறுமையாய்ப் படித்து, அது தமிழே என்று காட்டினார். அதைச் செய்தது கூச்சலன்று, படிப்பு.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா நடக்கட்டும்; பட்டிமன்றமும் நடக்கட்டும். அவற்றோடு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தமிழ்ப் பிராமி வகுப்பு ஒன்றும் வைப்போம். உயிரும் மெய்யும் சேர்ந்து முப்பது குறிகூட இல்லை. இந்தி எழுத்தைக் கற்ற நமக்கு இது மலையா? தேர்வுக்கு உதவுமா என்று கேட்பவர் வரவேண்டாம். வரலாற்றுத் துறையில் பயிலும் நம் முதுகலை மாணவர்கள் சொல்லித் தரட்டும். முதற்பாடம் 'பானை'. நான்காம் ஞாயிறு ரிட்ஜ் மேட்டுக்கு நடைப்பயணம். வர விரும்புவோர் இம்மாத இறுதிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.