கோப்பையும் மைதானமும்

கால்பந்துப் பருவம் முடிந்தவுடன் கல்லூரிதோறும் எழும் முதல் வினா, "நம்மவர் எத்தனை கோப்பை கொணர்ந்தனர்?" என்பதே. அவ்வாறு வினவுதல் குற்றமன்று. வெற்றியை விரும்பாத ஆட்டம் ஆட்டமாகாது. ஆயினும், ஓர் அணியின் ஓராண்டு உழைப்பைக் கோப்பைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் நேரிதன்று என நாம் கருதுகிறோம்.

1948-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி பிரான்சு அணியை எதிர்த்தாடியது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலினர். இரு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. ஆட்டம் 1-2 எனத் தோல்வியில் முடிந்தது. எனினும், அன்று சாரங்கபாணி ராமன் அடித்ததே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதற் கோல். எட்டாண்டுகளுக்குப் பின், 1956-இல் மெல்போர்னில் இந்தியா நான்காமிடம் பெற்றது. தோற்ற ஆட்டமும் பின்வருவோர்க்கு வழி திறக்கும் என்பதற்கு இது சான்று.

ஆதலின், பருவத்தை அளக்க வேறோர் அளவுகோலும் வேண்டும். களத்தில் ஆடுவோர் பதினொருவர். ஆட விரும்புவோர் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேருக்கு மைதானம் கிட்டிற்று?

ஆதம்பாக்கத்தை நோக்குக. ஆலந்தூர் நகராட்சியோடு 2011-இல் சென்னை மாநகராட்சியில் இணைந்த இவ்வூரில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. சிறுவர் பலர் தெருவிலேயே பந்தாடிப் பழகுகின்றனர். அருகிலிருப்பவனுக்குப் பந்தைத் தட்டிவிடத் தெரு கற்பிக்கும். நூறு மீட்டர் நீளமுள்ள களத்தில் தொலைவிலிருப்பவனைக் கண்டு பந்தைச் செலுத்த அது கற்பியாது. இவ்வூர் இளைஞன் பரங்கிமலையில் மின்சார ரயிலேறினால் தாம்பரத்தை அடையலாம். இடம் நாடி 1937-இல் அங்குப் பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் விரிந்த வெளியைக் காணலாம். ஆனால் எக்கல்லூரியாயினும், அணித்தேர்வுக்கு வந்தவனைப் "பழக்கம் போதாது" என்று திருப்பி அனுப்புமேல், அவன் பழகுவதற்கு இடம் எங்கே?

வடசென்னை வியாசர்பாடி இதற்கு மறுமொழி கூறும். எளியோர் மிகுந்து வாழும் அப்பகுதியில் வளர்ந்த தனபால் கணேஷ், 2018-இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். திறமை எத்தெருவிலும் பிறக்கும்; அதனை வளர்ப்பன களமும் நல்ல பயிற்சியுமே.

ஆகவே, மைதானமுள்ள கல்லூரிகள் வாரத்தில் ஒரு மாலையேனும், தேர்வு பெறாத மாணவர்க்கும் அண்டையூர்ச் சிறுவர்க்கும் அதனைத் திறந்துவிடல் வேண்டும். முதலணி வீரர் அன்று ஆசிரியராகட்டும். புல் தேயும், செலவு மிகும் என்பர் சிலர். தேய்ந்த புல் ஐப்பசி கார்த்திகை மழையில் மீண்டும் தழைக்கும். ஆடாது கழிந்த இளமை மீள்வதில்லை.

மாணவ நண்பர்காள்! அடுத்த பருவ முடிவில் கோப்பைகளையும் எண்ணுவோம். புதிதாய்க் களமிறங்கியோரையும் எண்ணுவோம். இரண்டாம் கணக்குப் பெருகின், முதற்கணக்கும் நாளடைவில் பெருகும்.