படுக்கையாக விரியும் இருக்கையும் ஓய்வில்லா உழைப்பும்

நாளேடுகளின் வணிகப் பக்கங்களிலும் தொலைக்காட்சிகளிலும் அண்மைக்காலமாக ஓர் ஆராய்ச்சி களைகட்டியிருக்கிறது. எந்த விமான நிறுவனத்தின் பிசினஸ் வகுப்பு சிறந்தது என்பதே ஆராய்ச்சிப் பொருள். எந்த இருக்கை முழுப் படுக்கையாக விரிகிறது, எதற்குத் தனிக் கதவு உண்டு, எந்த நிலையத்தின் லவுஞ்சில் உணவு உயர்ந்தது என்று அங்குலம் அங்குலமாக அளந்து மதிப்பெண் போடுகிறார்கள். இந்திய நிறுவனங்கள் வளைகுடா நிறுவனங்களை எப்போது எட்டிப்பிடிக்கும் என்று பெருமூச்சு விடுகிறார்கள். தேசத்தின் பெருமையே அந்த இருக்கையின் மெத்தையில்தான் அடங்கியிருக்கிறது என்பதுபோல் பேசுகிறார்கள்.

ஒப்பிடுவது தவறன்று. ஆனால் எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் வர்க்க நிலைபாடு வெளிப்படுகிறது. அந்த ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட மறந்த சிலவற்றை நாம் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

2024 ஜூலை 16. மும்பை கலினா. விமானங்களில் சுமை ஏற்றி இறக்கும் பணிக்கு ஆள் எடுப்பதாக ஏர் இந்தியா விமான நிலையச் சேவை நிறுவனம் அறிவித்திருந்தது. பணியிடங்கள் 2,216. திரண்டு வந்த இளைஞர்களோ சுமார் 25,000 பேர். கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால் விண்ணப்பங்களை மட்டும் வாங்கிக்கொண்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். நிரந்தர வேலைகூட அன்று. குறித்த கால ஒப்பந்தப் பணிதான். மாத ஊதியம் 20,000 முதல் 25,000 ரூபாய் வரை என்று செய்திகள் வந்தன. அடுத்த மாதமே, நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனமான இண்டிகோ தன் முதல் பிசினஸ் வகுப்பை அறிவித்தது. தில்லி – மும்பை தடத்தில் அறிமுகக் கட்டணம் 18,018 ரூபாயிலிருந்து தொடங்கும் என்றது. விமானத்தின் வயிற்றில் பெட்டிகளை ஏற்றுகிறவரின் ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு, அதே விமானத்தின் முன்வரிசையில் இரண்டு மணி நேரம் அமரும் ஒருவழிப் பயணத்துக்குச் சமம். இந்த ஒப்பீட்டுக்கு எந்த வணிகப் பக்கத்திலும் மதிப்பெண் கிடையாது.

அந்த முன்வரிசைக்கான கட்டணத்தை யார் செலுத்துகிறார்கள்? பெரும்பாலும் பயணி தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருவதில்லை. அவர் பணியாற்றும் நிறுவனம் தருகிறது. அது தொழிற்செலவாகக் கணக்கில் ஏறி, வரிக்கு உட்படும் லாபத்தைக் குறைக்கிறது. பிசினஸ் வகுப்புக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது உண்மை. செல்வந்தர்மீது வரி போட்டுவிட்டதாக ஒன்றிய அரசு இதைக் காட்டக்கூடும். ஆனால் தொழில் நிமித்தம் வாங்கும் பயணச்சீட்டின் ஜிஎஸ்டியை நிறுவனங்கள் உள்ளீட்டு வரி வரவாக ஈடுகட்டிக்கொள்ளலாம். மகளின் பிரசவத்துக்குப் பார்க்கச் செல்லும் தாய் சாதாரண வகுப்புக்குச் செலுத்தும் 5 சதவீதத்தை அவருக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

இங்கே ஒரு வாதம் வரும். “முன்வரிசைக்காரர் கொடுக்கும் அதிகப் பணத்தால்தான் பின்வரிசைக்காரருக்குக் கட்டணம் குறைகிறது, லவுஞ்சும் கடைகளும் ஈட்டும் பணத்தால்தான் விமான நிலையம் நடக்கிறது” என்பார்கள். கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும். உண்மை வேறு.

1953இல் நாட்டுடைமையானபோது இயற்றப்பட்ட விமானக் கழகச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டது. கட்டணத்துக்கு அரசின் ஒப்புதல் பெறும் முறையும் போயிற்று. ஒவ்வோர் இருக்கைக்கும் சந்தை எவ்வளவு தாங்குமோ அவ்வளவையும் கறப்பதே நிறுவனத்தின் கணக்கு. முன்வரிசையில் கிடைத்த லாபத்தைப் பின்வரிசைக்குத் தள்ளுபடியாகக் கொடுக்க எந்தச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்று உள்நாட்டுச் சந்தையின் ஏறத்தாழ 90 சதவீதம் இண்டிகோ, டாட்டாவின் ஏர் இந்தியா குழுமம் ஆகிய இரண்டின் கையில் இருக்கிறது. பண்டிகைக் காலத்தில் ஊர் திரும்ப முயன்ற எவரையும் கேளுங்கள், பின்வரிசைக்குக் கிடைத்த சலுகை என்னவென்று சொல்வார்.

விமான நிலையக் கணக்கு இதைவிட வெளிப்படையானது. 2016ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை ‘கலப்பு’ முறை ஒன்றை ஏற்றது. ஓடுபாதை, முனையம் ஆகியவற்றின் செலவைப் பயணிகளிடமும் விமானங்களிடமும் கட்டணமாக வசூலிக்கலாம். ஆனால் கடைகள், லவுஞ்சுகள், விளம்பரங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் வருவாயில் 30 சதவீதத்தை மட்டுமே அந்தக் கட்டணத்தைக் குறைக்கக் கணக்கில் எடுத்தால் போதும். எஞ்சிய 70 சதவீதம் அந்தக் கணக்கிற்குள் வராது. செலவு பயணிகளின் தலையில், வருவாயின் பெரும்பகுதி நடத்துநரின் பெட்டியில். லவுஞ்சின் பளபளப்பு யாருக்குப் பயன்படுகிறது என்பதை இந்த ஒரு விதியே சொல்லிவிடும்.

திருவனந்தபுரத்தைப் பாருங்கள். மாநில அரசும் மக்களும் எதிர்த்தும், அந்த நிலையம் 2021இல் 50 ஆண்டுக் குத்தகைக்கு அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2024 ஜூலையிலிருந்து அங்கே பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் உள்நாட்டுப் பயணிக்கு 506 ரூபாயிலிருந்து 770 ஆகவும், வெளிநாடு செல்வோருக்கு 1,069 ரூபாயிலிருந்து 1,540 ஆகவும் உயர்த்தப்பட்டது. வந்து இறங்குவோரிடமும் புதிதாக வசூல் தொடங்கியது. அந்த நிலையத்தை மிகுதியாகப் பயன்படுத்துவோர் யார்? வளைகுடாவில் கொத்து வேலையும் ஓட்டுநர் வேலையும் வீட்டு வேலையும் செய்யும் மலையாளிகள், குமரி மாவட்டத் தமிழர்கள். லவுஞ்சின் வாசலைக்கூட மிதிக்காத அவர்கள்தான் போகும்போதும் கட்டுகிறார்கள், வரும்போதும் கட்டுகிறார்கள்.

லவுஞ்ச் என்பது இந்தியாவில் கிரெடிட் கார்டு வியாபாரத்தின் தூண்டில். கார்டைத் தேய்த்து இரண்டு ரூபாய்க்கு உள்ளே நுழையலாம் என்று ஆசை காட்டினார்கள். நடுத்தர வர்க்க இளைஞர்கள் அந்த நம்பிக்கையில் கார்டு வாங்கினார்கள். பின்னர், முந்தைய காலாண்டில் இத்தனை ஆயிரம் செலவழித்தால்தான் அனுமதி என்று வங்கிகள் ஒவ்வொன்றாக நிபந்தனை போட்டன. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில் பல கார்டுகளுக்கு 35,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. ஓய்வெடுக்க ஒரு நாற்காலியும் ஒரு தட்டு இட்லியும் வேண்டுமானால் முதலில் கடனில் செலவழி என்பதே இதன் பொருள். நெரிசலான பொதுக் கூடத்தையும் கொள்ளை விலைத் தேநீரையும் கண்டு மனம் வெதும்பியவருக்கு, அதைச் சரிசெய்வதற்குப் பதிலாக அதிலிருந்து தப்பிக்கும் கதவை விற்கிறார்கள். பொதுக் கூடம் எவ்வளவு மோசமாகிறதோ, அவ்வளவுக்குக் கதவின் விலை ஏறும்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. விமான நிலையத்தில் தேநீர் விற்கும் விலை நாடாளுமன்றத்தில் கேள்வியான பிறகு, பொதுத்துறையான இந்திய விமான நிலைய ஆணையம் 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் மலிவு விலை உணவகம் திறந்தது. தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். மாநில அரசு மிகப்பெரிய பங்குதாரராக உள்ள கொச்சி நிலையத்தில், 2024 செப்டம்பர் 1 அன்று கேரள முதல்வர் தோழர் பினராயி விஜயன் ‘0484’ என்னும் ஓய்வு வளாகத்தைத் திறந்து வைத்தார். பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே, வழியனுப்ப வந்தவரும் குறைந்த கட்டணத்தில் தங்கக்கூடிய அறைகள் அவை. இவை சோசலிசம் அல்ல. ஆனால் உடைமை பொதுவாக இருந்தால் மக்கள் குரல் எட்டும் இடம் ஒன்று இருக்கிறது என்பதற்குச் சான்றுகள்.

தனியார் ஆடம்பரத்தின் வரலாறும் நமக்குத் தெரியாததன்று. 2005இல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷரின் முதல் வகுப்பை அன்றைய ஊடகங்கள் எப்படிக் கொண்டாடின! 2012இல் அது தரையிறங்கியபோது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளப் பாக்கி. பொதுத்துறை வங்கிகளுக்கு வராக்கடன். உரிமையாளர் 2016இல் லண்டனுக்குப் போய்விட்டார். நெடுந்தூர விமானங்களில் கதவுள்ள முதல் வகுப்பு அறைகள் வைத்திருந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17இல் நின்றது. வைப்புநிதிக்கும் பணிக்கொடைக்கும் ஊழியர்கள் உச்சநீதிமன்றம்வரை போராட நேர்ந்தது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் நிறுவனத்தைக் கலைத்துவிட உத்தரவிட்டது. மதிப்பெண் போட்டவர்கள் எவரும் அப்போது ஊழியர்களின் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பொதுத்துறை ஏர் இந்தியாவின் இருக்கை கிழிந்திருந்தது என்று எழுதி எழுதியே அதன் விற்பனைக்கு மேடை அமைத்தார்கள். 1990இல் குவைத் போரின்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரை ஏற்றி வந்தது அந்தக் கிழிந்த இருக்கைதான். 2022 ஜனவரி 27இல் அது டாட்டாவிடம் சென்றது. விலை 18,000 கோடி. அதில் அரசின் கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடி மட்டுமே. சுமார் 46,000 கோடி ரூபாய்க் கடன் அரசு நிறுவனமொன்றின் பெயருக்கு, அதாவது மக்கள் தலைக்கு, மாற்றப்பட்டது. கடன் கழிந்த நிறுவனம் இன்று புதிய ஏ350 விமானத்தில் கதவுள்ள 28 அறைகளைக் காட்டிப் பெருமைப்படுகிறது. சாதாரண வகுப்பில் ஒன்பது பேர் அமரும் அகலத்தில் அங்கே நால்வர் அமர்கிறார்கள். அதே குழுமத்தின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில், பாரபட்சத்தை எதிர்த்து 2024 மே மாதம் விமானப் பணியாளர்கள் கூட்டாக விடுப்பு எடுத்தார்கள். சுமார் 25 பேரை உடனே வேலைநீக்கம் செய்தார்கள். ஒற்றுமை குலையாததால், தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் நடந்த பேச்சில் அவர்களைத் திரும்ப எடுக்க நேர்ந்தது.

முழு உண்மையும் 2025 டிசம்பரில் வெளியாயிற்று. களைத்த விமானி ஆபத்து என்பதால் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியும், இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் விதிகள் வந்தன. 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்ட விதிகள் அவை. தயாராக ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம் இருந்தது. போதிய விமானிகளை வைத்துக்கொள்ளாத இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. கட்டணம் வானத்தைத் தொட்டது. ஒன்றிய அரசு என்ன செய்தது? கட்டணத்துக்குத் தற்காலிக உச்சவரம்பு வைத்தது. கூடவே, ஓய்வு விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கும் அளித்தது. பயணிக்கு வசதியான இருக்கை விற்ற நிறுவனம், விமானிக்கு உறக்கம் தர மறுத்தது. அரசு அதற்குத் துணை நின்றது. கட்டணத்துக்கு வரம்பு வைக்க அரசால் முடியும் என்பதும் அன்று நிரூபணமாயிற்று. முடியாதது போல் இத்தனை ஆண்டுகள் நடித்ததுதான் கொள்கை.

ரப்பர்ச் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் பறப்பார் என்று பிரதமர் வாக்களித்த உடான் திட்டம் என்னவாயிற்று? தணிக்கைத் துறைத் தலைவரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது: முதல் மூன்று கட்டங்களில் ஒதுக்கிய 774 தடங்களில் 403இல் விமானமே பறக்கவில்லை. பறந்த 371இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை நிறைவு செய்தவை 112 மட்டுமே. செருப்பு தரையில் நிற்கிறது.

வசதியை வெறுப்பது இடதுசாரிகளின் கொள்கையன்று. நீண்ட பயணத்தில் கால் நீட்டவும், காத்திருக்கும் இடத்தில் தலைசாய்க்கவும், நியாய விலையில் உண்ணவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறோம். அந்த உரிமையை ஒருசிலருக்கு விற்பதற்காகவே மற்றவர்களுக்கு மறுக்கும் ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறோம். ஆகவே கோருவோம்: விமான நிலையங்களின் வணிக வருவாய் முழுவதும் பயணிகள் கட்டணத்தைக் குறைக்கப் பயன்பட வேண்டும். தனியார் நிலையங்களிலும் மலிவு விலை உணவகமும் இலவச ஓய்விடமும் குத்தகையின் நிபந்தனையாக வேண்டும். சாதாரண வகுப்புக் கட்டணத்துக்கு நிரந்தர உச்சவரம்பு வேண்டும். விமானிகள், பணியாளர்களின் ஓய்வு விதிகளில் எந்த நிறுவனத்துக்கும் விலக்குக் கூடாது. தரைப்பணித் தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும். எஞ்சிய நிலையங்களின் விற்பனையை நிறுத்த வேண்டும். பொதுத்துறையில் மீண்டும் ஒரு விமான நிறுவனம் வேண்டும்.

அடுத்த முறை எந்த நிறுவனத்தின் இருக்கை சிறந்தது என்று எவரேனும் கேட்டால், அந்த விமானத்தை ஓட்டுகிறவர் நேற்று எத்தனை மணி நேரம் உறங்கினார், பெட்டி ஏற்றுகிறவருக்கு இந்த மாதச் சம்பளம் வந்ததா என்று திருப்பிக் கேளுங்கள். விமான நிறுவனங்களை ஒப்பிட அதைவிடச் சரியான அளவுகோல் இல்லை.